சங்கத்தின் பெயரில் அந்தக் கடிதம் போக வேண்டாம்

அன்பு உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஷார்ஜா அண்ணன் அனுப்பிய கடித வரைவையும் அதற்கு வந்த பதில்களையும் ஒன்று விடாமல் படித்தேன். என்எல்சி நிறுவனத்தின் நெய்வேலி இரண்டாம் பழுப்பு நிலக்கரிச் சுரங்க விரிவாக்கம் நம்ம ஊர் எல்லை வரைக்கும் வரும் என்ற பேச்சு ஊரில் பலமாக இருக்கிறது, நிலம் வைத்திருக்கிற நாம் எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே ஒரு விலையைச் சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற வேண்டியதில்லை என்பது அண்ணனின் எண்ணம். அவர் நல்லதை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு முதல் பணம் போட்டவர் அவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதம் நம் ஊர்ச் சங்கத்தின் பெயரில் போகக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

கடிதத்தில் நாம் கேட்டிருப்பது: ஏக்கருக்கு இவ்வளவு, மனைக்கு இவ்வளவு, பட்டாதாரர் குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை, பணம் ஒரே தவணையில். கையெழுத்துப் போடச் சம்மதித்திருப்பவர்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, கனடா, அப்புறம் சென்னையில் இருக்கிற சிலர். ஊரில் குடியிருக்கிற ஒருத்தர் பெயர் கூட அதில் இல்லை. அந்த நிலத்தில் இன்றைக்கு நாற்று விடுகிறவர், களை எடுக்கிறவர், ஆடு மாடு மேய்க்கிறவர் யாரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. "நம்ம ஊர் நிலம் தரத் தயார்" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஊர் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக் காணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா போன பிறகு கீழத்தெருவில் ஒரு குடும்பம்தான் அதைக் குத்தகைக்குப் பார்க்கிறது. அறுவடை முடிந்ததும் மூட்டைக் கணக்கு, எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. வடக்கு மூலையில் மடை கசிந்து எப்போதும் சேறாகவே நிற்கும், அங்கே நட்ட நாற்று அழுகிவிடும் என்பதால் அந்த அம்மா மற்ற இடமெல்லாம் நட்டு முடித்து, மூலையில் தண்ணீரைக் கையால் வழித்து வெளியே தள்ளிவிட்டு, கொஞ்சம் முற்றின நாற்றாகப் பார்த்துப் பொறுக்கி வைத்துக் கடைசியில் நடுவார். கிணற்று மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) எந்த மழைக்கு விதைத்தால் பிடிக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, என் தம்பிக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு நிலம் எடுத்தால் காசோலை எங்கள் பெயருக்கு வரும். அவருக்கு என்ன வரும்? நம் கடிதப்படி ஒன்றும் வராது.

இதைக் கருணையாகச் செய்யச் சொல்லவில்லை. சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ல் வந்த நிலம் எடுப்புச் சட்டம், "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற வரையறைக்குள் நிலம் இல்லாதவர்களையும் வைத்திருக்கிறது. விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிர் செய்கிறவர்கள், கைவினைஞர்கள் ஆகியோர், நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து அதுதான் முக்கியப் பிழைப்பு என்றால், அவர்களும் அந்தக் கணக்கில் வர வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புக்கு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, அதன்படி எடுத்தால் 2013 சட்டத்தின் சமூகத் தாக்க ஆய்வு கிடையாது என்பது பெரிய குறைதான், ஆனாலும் இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய அட்டவணைகள் பொருந்தும். சரி, சட்டத்தில் இருக்கிறது, ஆனால் நான்தான் மூன்று வருடமாக இங்கே பயிர் வைக்கிறேன் என்று அந்த அம்மா எதைக் காட்டி நிரூபிப்பார்? குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். நம்ம ஊரில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? பதிந்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில் நம் அப்பாக்கள் யாரும் விடவில்லை. அந்தப் பயத்தின் விலையை இப்போது குத்தகைக்காரர்கள் கொடுக்கப் போகிறார்கள்.

2023-ல் வளையமாதேவியில் நடந்ததை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் 12 கிலோமீட்டர், அதில் ஒன்றரை கிலோமீட்டர்தான் பாக்கி என்று சொல்லி ஜூலை 26-ம் தேதி பச்சைப் பயிருக்குள் பொக்லைனை இறக்கினார்கள். அந்த நிலங்கள் 2006-க்கும் 2013-க்கும் இடையில் எடுக்கப்பட்டவை என்றது நிர்வாகம். எடுத்த நிலத்தை வேலி போட்டுக் கையகப்படுத்தாமல் பத்து வருடம் விட்டுவைத்தால் விவசாயி சும்மாவா போடுவான்? பயிர் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் நடந்த போராட்டம் கலவரமாகிக் கண்ணீர்ப்புகை வரைக்கும் போனது. உயர் நீதிமன்றத்துக்கு விஷயம் போய், அழித்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள்.

அந்த 40,000-ஐப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். நிலத்துக்கான பணம் நம்முடையது என்றே வைத்துக்கொள்வோம். பயிர் யாருடையது? விதை நெல், உழவு, நடவு ஆள் கூலி, உரம் எல்லாம் அந்த அம்மா நகையை அடகு வைத்துப் போட்டது. நம்ம ஊரில் இப்படி நடந்து, பணம் பட்டாதாரர் வங்கிக் கணக்கில் விழுந்தால், ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு நாம் அதை எடுத்துக் கொடுப்போமா? நம்மில் நிறையப் பேர் கொடுப்போம், நம்புகிறேன். ஆனால் அது நம் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

இங்கே நம் பிள்ளைகளும் குழுவில் இருக்கிறார்கள், சிலர் ஊரைப் பார்த்ததே ஒன்றிரண்டு முறைதான், அவர்களுக்காகச் சுரங்கம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கருப்புத் துகள் வந்ததில் ஆரம்பித்த கதை இது. 1956-ல் என்எல்சி நிறுவனம் வந்தது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம், தூரமாகக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது, அதனால் அனல் மின் நிலையமும் சாம்பலும் சுரங்கத்தின் பக்கத்திலேயே, அதாவது நம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். மந்தாரக்குப்பம் போகும்போது பேருந்து ஜன்னல் கம்பியில் கை வைத்தால் விரலில் ஒட்டுமே, அந்தச் சாம்பல்.

மேலே நின்று குழிக்குள் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்தோல் செம்மண், முந்திரியும் பலாவும் பிடித்து நிற்கிற அதே மண். அதற்குக் கீழே மஞ்சள், அப்புறம் வெள்ளைக் களிமண், அப்புறம் மணற்கல், எல்லாவற்றுக்கும் அடியில் கருப்பும் பழுப்புமாக நிலக்கரி. கையில் எடுத்தால் தண்ணீரில் ஊறிப்போன பழைய வேலிக்கட்டை மாதிரி இருக்கும், மரத்தின் ரேகை அப்படியே தெரியும். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த அந்தப் பெரிய சக்கர இயந்திரம் சுற்றிச் சுற்றி மண்ணை வெட்டிப் பெல்ட்டில் கொட்டும், பெல்ட் கொண்டுபோய், ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த பக்கத்தில் நிரப்பும். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்: சுரங்கம் ஒரே இடத்தில் ஆழமாகிக்கொண்டே போவதில்லை, முன்னால் வெட்டிப் பின்னால் மூடிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். நகர நிலம் இல்லையென்றால் நின்றுவிடும். மூன்று சுரங்கமும் சேர்ந்து ஆண்டுக்கு 2.85 கோடி டன் எடுக்கும் திறன் உள்ளவை, அதில் இரண்டாம் சுரங்கம் மட்டும் 1.5 கோடி டன். நம் திசையில் பார்வை திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர்க் கதை இன்னும் முக்கியம். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு ஓர் ஊற்று மண்டலம் இருக்கிறது, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம். மேலே இருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் அடியிலிருந்து தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து சுரங்கமே மூழ்கிவிடும். அதனால் சுற்றிலும் குழாய் இறக்கி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் வாய்க்கால்களுக்கும் போய்ப் பாசனம் நடக்கிறது, சென்னைக்கும் போகிறது, அதை மறுக்க முடியாது, கீழே இருக்கிற சில ஊர்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் நம் பக்கம் தாத்தா காலத்தில் ஏற்றம் போட்டு இறைத்த கிணறுகள் வறண்டு, ஆழ்குழாய் வந்து, அதன் மோட்டாரும் வருடத்துக்கு வருடம் கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது எட்டடியில் தண்ணீர், இப்போது ஆயிரம் அடியில் என்று மேடையில் பேசுகிறார்கள், அந்த எண்களை விட்டுவிடுவோம். நம்ம ஊரில் ஒவ்வொரு போர்வெல்லும் எந்த வருடம் எத்தனை அடியில் போட்டது என்ற கணக்கு போர் போட்ட வீட்டுக்காரர்களிடமே இருக்கிறது. அதை எழுதி வைத்தால் நிலம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உதவும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். "நிரந்தர வேலை" என்று கடிதத்தில் எழுதிவிட்டோம். ஆரம்ப காலத்தில் நிலம் கொடுத்த குடும்பங்களில் பலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது உண்மை, நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று அந்தக் குடும்பங்கள் மேலே வந்ததும் உண்மை. நம்மில் சிலர் அங்கே படித்ததால்தான் இன்றைக்கு வெளிநாட்டில் இருக்கிறோம். ஆனால் இப்போது கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பத்து, இருபது வருடம் ஒப்பந்தத்திலேயே இருந்துவிட்டு நிரந்தரம் கேட்டுப் போராடியவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2020-ல் மே மாதம் ஒன்று, ஜூலை மாதம் ஒன்று என்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிர்விட்டவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அப்புறம் இன்னொன்று, பட்டாதாரர் குடும்பத்துக்கு வேலை என்றால், கனடாவில் இருக்கிற அக்காவின் பிள்ளை வந்து பெல்ட் பராமரிப்பு வேலை பார்க்கப் போகிறானா? அந்த வேலை தேவைப்படுகிறவன் நிலம் இல்லாத வீட்டில் ஐடிஐ முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டுமனை அதைவிடச் சிக்கல். நத்தத்தில் வீடு இருப்பவர்களுக்குக் கணக்கு ஒரு மாதிரி, புறம்போக்கில் குடிசை போட்டு இரண்டு தலைமுறை ஆனவர்களுக்கு வேறு மாதிரி. முன்பே எடுத்த ஊர்களிலிருந்து வந்து மாற்றுக் குடியிருப்பில் இருக்கிறவர்களில் மனைப்பட்டா கேட்டு இன்னும் மனு எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கோயில், சுடுகாடு, மந்தைவெளி, ஏரி, இதெல்லாம் யார் பெயரிலும் இல்லை, அதனால் இவற்றுக்காக யாரும் விலை கேட்கப் போவதும் இல்லை. ஏரி உள்வாயில்தான் கீழத்தெரு மாடுகள் மேய்கின்றன. கடிதத்தில் அதற்கு எந்த வரி?

டொரண்டோ அக்கா "ஒரு பிடி மண் கூடத் தரமாட்டோம்" என்று எழுதியிருந்தார். அக்கா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, என் மனசும் அதுதான். ஆனால் ஊரில் போய்ப் பேசிப் பார்த்தால் நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கடன் அடைத்துவிடலாம் என்று காத்திருக்கிற சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள், தண்ணீர் இறங்கி மோட்டார் செலவு தாங்காமல் சலித்துப்போனவர்கள். அவர்கள் வாயை அடைக்கவும் நமக்கு உரிமை இல்லை. தருவதா வேண்டாமா என்பதை அங்கே வாழ்கிறவர்கள் கிராம சபையில் உட்கார்ந்து முடிவு செய்யட்டும், நாம் அதற்குத் துணையாக இருப்போம் என்றுதான் கேட்கிறேன்.

என் சொந்தக் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு போகம் விளைகிற நஞ்சையை நிலக்கரிக்காகத் தோண்டக் கூடாது. 2023-ல் மைக்கேல்பட்டி, வடசேரி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாடே எதிர்த்தது, பட்டியலிலிருந்து எடுத்தார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020-ல் சட்டமும் போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெல்லும் இந்தப் பக்கம் இருக்கிற நெல்லும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. வடலூர் நமக்கு எட்டுகிற தூரம், 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் சோறு போட்டுக்கொண்டிருக்கிற மண் இது, அந்தச் சோற்றுக்கு அரிசி கொடுக்கிற ஊர்களில் நம்ம ஊரும் ஒன்று. ஆனால் இது என் கருத்து. இதையும் சங்கத்தின் கருத்தாகப் போடச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் சங்கம் என்ன செய்யலாம்? முதலில் வீடு வீடாக ஒரு பதிவு எடுக்க வேண்டும். பட்டா யார் பெயரில், இப்போது பயிர் வைப்பது யார், எத்தனை வருடமாக, கூலிக்குப் போகிறவர்கள் எந்தெந்த வீடுகள், வீடு நத்தத்திலா புறம்போக்கிலா, மாடு எத்தனை, முந்திரி, பலா, தென்னை எத்தனை, போர் எத்தனை அடி. விஏஓ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரையும் படித்துவிட்டு ஊரில் இருக்கிற பிள்ளைகள் சிலரையும் வைத்துச் செய்யலாம், பிள்ளைகளுக்கு நாள் சம்பளம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், சும்மா செய்யச் சொல்லக் கூடாது. கும்பாபிஷேக நிதியிலிருந்து இதற்குக் கொஞ்சம் எடுக்கலாமா என்று மலேசியா மாமா கேட்டிருந்தார், எடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். கோயில் இருக்குமா என்பதே தெரியாத நேரத்தில் கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்தது, குத்தகைக்கு விட்டிருக்கிற நாம் ஒவ்வொருவரும் பயிர் செய்கிறவருக்கு ஒரு எழுத்துக் கொடுக்க வேண்டும். இன்ன சர்வே எண், இன்ன வருடத்திலிருந்து இவர் பயிர் செய்கிறார், பயிருக்கு வரும் இழப்பீடு இவருக்கே சேரும் என்று. அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கில்) அவர் பெயர் ஏறவும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். இதில் பயம் இருக்கிறவர்கள் ஊருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள். எங்கள் வீட்டில் தம்பியிடம் பேசிவிட்டேன், எங்கள் காணிக்கு இந்த மாதமே எழுதிக் கொடுக்கிறோம்.

அப்புறம் நம் பத்திரங்கள். பாதிப் பேருக்குப் பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, உட்பிரிவு எதுவும் நடக்காத கூட்டுப்பட்டா நிலத்தில் அண்ணன் தம்பி வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும், நிலம் மட்டும் போய்விடும். எங்கள் வீட்டுப் பெயர் மாற்றத்துக்கே ஓர் அலுவலகத்தில் இல்லாத காகிதமெல்லாம் கேட்டு இழுத்தடித்தார்கள், அதனால் சொல்கிறேன், நிலம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள். அத்தைமார்கள், அக்கா தங்கைகள் பங்கையும் விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கும் சம பங்கு உண்டு.

ஷார்ஜா அண்ணன், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கடிதத்தை இந்த மாதம் அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள். தனிப்பட்ட நில உரிமையாளராக உங்கள் பெயரில் போடுவது உங்கள் உரிமை, அதில் தலையிட மாட்டேன். சங்கத்தின் பெயரும் "நம்ம ஊர்" என்ற சொல்லும் மட்டும் அதில் வேண்டாம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை, அன்றைக்கு மாலை எல்லோரும் காணொளியில் பேசுவோம், ஊரிலிருந்து கீழத்தெருக்காரர்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், நூலகக் கட்டடத்தில் ஒரு திரை வைத்தால் போதும், அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அதற்குள் உங்கள் சர்வே எண், பட்டா யார் பெயரில், பயிர் செய்பவர் யார் என்ற மூன்று விவரத்தையும் பொருளாளருக்குத் தனி மடலில் அனுப்பிவிடுங்கள், குழுவில் போட வேண்டாம்.

அன்புடன்,
மேலத்தெரு தண்ணீர்த்தொட்டி வீட்டுப் பிள்ளை
சிங்கப்பூர்